வாசல் நிறையச் செருப்பு

"ஓட்டு அவனுக்கு, வேலை உங்களுக்கா? இது எந்த ஊர் நியாயம்?"

மனைவி பொரிந்து தள்ளினாள். மாஜி கவுன்சிலர் காதில் வாங்கவே இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று போனில் இன்ஜினியரிடம் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

கூடத்தில் இன்னும் நாலைந்து பேர் குறை சொல்லக் காத்திருந்தார்கள். கேட்டால் எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்தான்.

"புது கவுன்சிலர்தான் உங்க வீட்டுக்காரரைப் பார்க்கச் சொன்னாரும்மா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் புது கவுன்சிலர் யாராம்? இவருக்குப் போஸ்டர் ஒட்டியவன்!

ஒரு காலத்தில் நகரத்து வார்டுகள் எல்லாமே இவர்கள் கட்சிதான். விடிந்தால் வாசல் நிறையச் செருப்பு. அவளுடைய செருப்பே அதில் காணாமல் போகும். "இந்தாங்க அண்ணி" என்று தேடி எடுத்துக் கொடுப்பவன் அவன்தான். அவள் கையால் சாப்பிடாமல் போனதில்லை. என்ன நாட்கள் அவை!

அப்புறம் காற்று மாறியது. அவனும் கட்சி மாறினான். அண்ணனையே எதிர்த்து நின்று ஜெயித்தான். நகரமே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. மறுநாள் வாசலில் இவருடைய செருப்பு மட்டும் கிடந்தது. பல நாள் சவரம்கூடச் செய்யாமல் சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்தார் மனுஷன்.

இப்போது என்னடாவென்றால், ஜெயித்தவன் காலாட்டிக்கொண்டு இருக்கிறான், தோற்றவர் மாடாய் உழைக்கிறார்.

"நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

அவன் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"இன்ஜினியர் சார், அண்ணன் லைட்டுக்குப் பேசினாரா?... அவருக்குப் பதவி இல்லைன்னு எனக்குத் தெரியாதா சார்? அவர் சொன்னா நான் சொன்ன மாதிரி. இன்னைக்கே போட்டுடுங்க. என் பேரை மட்டும் அவர்கிட்ட எடுத்துடாதீங்க."

திரும்பியவன் அவளைப் பார்த்துத் திகைத்துப் போனான்.

"அண்ணி! வாங்க..."

நாலு வார்த்தை கேட்க வந்தவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியாடா?" என்றாள்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்:

"வாசல்ல இப்ப செருப்பு நிறையக் கிடக்குதா அண்ணி?"