இரண்டடி இடைவெளி

தன் கையைப் பிடித்திருப்பது எஸ்ராவின் கை இல்லை என்று ஹன்னாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. எஸ்ராவின் கை மெத்தென்று இருக்கும். இது காய்த்துப்போன கை.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஈஸ்டர் திங்கள். லங்காஷயரில் அன்றைக்குத்தான் பஞ்சாலைகளுக்கு விடுமுறை. ஊர்க் கல்யாணமெல்லாம் பங்குக் கோயிலில் ஒரே வேளையில் வந்து குவியும். ஜோடிக்கு ஜோடி இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லிக் கோயில் கணக்கர் தொண்டை கிழியக் கத்தியிருந்தார்.

பாதிரியார் கிராப்ட்ரீக்குக் கண்பார்வையும் மட்டு, பொறுமையும் மட்டு. போதாததற்கு வீட்டில் ஆட்டுக்கறி ஆறிக்கொண்டிருந்தது. எதிர்ப்பட்ட கைகளைப் பிடித்துச் சேர்த்துக்கொண்டே போனார். மிஞ்சி நின்ற எஸ்ராவையும் பக்கத்து ஜோடியின் மணப்பெண்ணான விடுதிக்காரி நான்சியையும் ஒட்டிவைத்து, "தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன்" என்று ஒரே மூச்சில் முடித்தார்.

எஸ்ரா ஆலை மேஸ்திரி. குடித்தால் அடிக்கக் கை நீளும். ஹன்னாவின் அப்பா அவனுக்குத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவித்தபோதும் அவள் தலையைத் தூக்கவில்லை.

"ஐயா, ஜோடி மாறிப்போச்சு! எனக்குப் பேசின பொண்ணு அங்க நிக்கிறா!" என்று எஸ்ரா அலறினான்.

"வெளியே போய் மாத்திக்கோங்கப்பா. எனக்கு இன்னும் ரெண்டு வரிசை பாக்கி."

கோயிலே சிரித்தது.

வாசலில் மழை தூறிக்கொண்டிருந்தது. எஸ்ரா கையை நீட்டி, "வாடி இங்க" என்றான். அப்பா அவளை முறைத்தார்.

இப்போது விட்டால் ஆயுசுக்கும் விட்டதுதான். ஹன்னா அப்பா பக்கம் திரும்பினாள்.

"தேவன் இணைச்சதைப் பிரிக்கக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னாங்க?"

எல்லோரும் நான்சியைப் பார்த்தார்கள். குடிகாரர்களைக் காதைப் பிடித்துத் தெருவில் தள்ளுகிறவள் அவள். அவளிடம் மறுபேச்சுப் பேசத் தெரியாமல்தான் அவள் விடுதியில் தங்கியிருந்த ஜோயல் அவளுக்கு மாப்பிள்ளையாக வந்து நின்றான். நான்சி எஸ்ராவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த ஆள் வீட்டுல சுவர்க்கடிகாரம் இருக்குல்ல? அது போதும். நடய்யா!"

திமிறிய மேஸ்திரியை இழுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

கணக்கர் ஓலையைப் பார்த்துப் பதிவேட்டைக் காலையிலேயே எழுதி முடித்திருந்தார். அடித்து எழுதினால் பக்கம் அசிங்கமாகும் என்று அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பங்கின் ஏட்டில் ஹன்னா இன்றைக்கும் எஸ்ராவின் மனைவிதான்.

ஜோயல் அவள் கையை இன்னும் விடவில்லை. மூன்று வருஷமாக இருவருக்கும் ஒரே ஆலையில் வேலை. பார்த்துக்கொண்டதோடு சரி, ஒரு வார்த்தை பேசியதில்லை.

கோயிலில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தபோது ஹன்னா அவன் பக்கமாக ஓரடி நகர்ந்திருந்தாள். அதற்குமேல் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கணக்கர் விட்டிருந்த இடைவெளியோ இரண்டடி.