இருவர் எடை

நாங்கள் கடைசியாகச் சண்டை போட்டது கணபதி ஏரியாவில், பாலகோபாலின் ஒர்க்‌ஷாப்பில். மறுநாள் காலை என் கணவர் டேவிட்சன் கண் விழிக்கவில்லை. சண்டை நடந்த அன்று, எங்கள் பழைய காருக்குப் புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாட்டியாகிவிட்டது. மதிய வெயிலில் தகரக் கூரை டக் டக்கென்று விரிகிறது. அவர் இந்த இதயத்தோடு கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம்; அன்றிலிருந்து நாங்கள் நேராகப் பேசுவதில்லை, இங்கே எல்லாம் பாலகோபால் வழியாகத்தான். "பாலு, தினமும் ஓட்டத்தான் மாத்தறேன்னு அந்த அம்மணிகிட்டச் சொல்லு." "தம்பி, சாகறதுக்கு எதுக்குப் புது ஸ்பிரிங்குன்னு அவரைக் கேளுங்க." காருக்கடியில், குழிக்குள்ளிருந்து பாலகோபால் தலையை நீட்டுகிறான். "ஏனுங்க, ரெண்டு பேரும் உள்ளே ஏறிச் சண்டை போடுங்க. ஆள் வெயிட்டோட போல்ட்டை முறுக்கணுமுங்க. இல்லீன்னா போல்ட்டைச் சுத்தி இருக்கற ரப்பர் புஷ் கிழிஞ்சுபோயிருமுங்க." அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்காருகிறார். நான் பக்கத்தில் ஏறிக் கதவை அறைந்து சாத்துகிறேன். கார் கொஞ்சம் தாழ்கிறது. அவர் தன் பக்கத்துச் சுவரைப் பார்க்கிறார், நான் என் பக்கத்துச் சுவரை. கால்களுக்குக் கீழே ஸ்பானர் கிறீச்சிடுகிறது.

இப்போது நான்தான் ஓட்டுகிறேன், தனியாக. போல்ட்டுகள் இன்றும் இருவர் எடைக்கே இறுகியிருக்கின்றன.