பூக்காத செடி

படுத்த படுக்கையாகிவிட்ட செலினின் எலும்பு வலிக்கென்று தம்பி ரூபன் இருவரும் குடியிருந்த ஒற்றை அறையின் அலமாரிக்குள் கஞ்சாச் செடி வளர்த்தான். கதவு சாத்த முடியாத அளவு வளர்ந்தும் அது பூக்கவில்லை. உரத்தை மாற்றினான், தொட்டியை மாற்றினான். கடைசியில் வந்து பார்த்த கூட்டாளி அறையில் எரியும் பல்பைக் காட்டினான்.

“விடிய விடிய லைட்ட எரியவிட்டா எப்படில பூக்கும்? இதுக்கு ராத்திரி இருட்டு வேணும்ல. செடி ஒன்ன மாதிரி பகல்லயா தூங்கும்?”

ரூபன் படுக்கையில் கிடந்த அக்காவைப் பார்த்தான். இருட்டில் செத்துவிடுவோம் என்ற பயத்தில் அக்கா விளக்கை அணைக்க விட்டதேயில்லை.

அன்று பொழுது சாய்ந்ததும் செலினே சொன்னாள். “அணைச்சிருல.”

இருட்டில் அவள் கை நீண்டு ஒரு கிளையைப் பற்றிக்கொண்டது.

“தூங்கிட்டியாக்கா?”

அவள் மூச்சுக்கு அந்தக் கிளையின் இலைகள் மட்டும் மெல்ல உரசிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் நின்றுவிடாமல் இருக்கிறதா என்று காது கொடுத்தபடியே ரூபன் படுத்திருந்தான்.