நாலு நிமிஷக் குளியல்

"நாலு நிமிஷம் ஆயிடுச்சு! நீயா வெளிய வர்றியா, நான் ஸ்விட்ச்சை அணைக்கட்டுமா?"

குளியலறைக் கதவுக்கு வெளியே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார் எலெக்ட்ரீஷியன். ஊரில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவர். தன் வீட்டில் மட்டும் நாலு நிமிஷத்துக்கு மேல் வெந்நீர் தர மாட்டார்.

"தலையில ஷாம்பு அப்படியே இருக்குப்பா! ரெண்டே நிமிஷம்."

"அது உன் பாடு."

டக். உள்ளே ஒரு சின்ன அலறல் கேட்டது. சமையலறையில் அவர் மனைவி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

மகளுக்கு மீன் பதப்படுத்தும் கம்பெனியில் வேலை. தினம் எட்டு மணி நேரம் ஐஸுக்குள் கைவிட்டு மீன் எடுத்துச் செதில் சீவ வேண்டும். சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. அதே ஏழு மாதமாகத்தான் மின்கட்டணமும் இரண்டு மடங்காக வருகிறது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பல் கிட்டிக்க வந்து நின்றாள் மகள்.

"மீன் நாத்தம் போக வேண்டாமாப்பா? பஸ்ல என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கிறாங்க."

"நாத்தம் போகுதோ இல்லையோ, என் சம்பாத்தியம் போகுது. தண்ணிக்கு ஒரு பில்லு, அதைச் சுட வைக்க ஒரு பில்லு. வாங்குற சம்பளத்தைக் குளிச்சே தீர்த்துடுவே போலிருக்கு!"

"எதுக்கும் எங்கயாவது கரண்ட் வீணாப் போகுதான்னு ஒரு தடவை பாருங்களேன்" என்றாள் மனைவி.

"நான் போட்ட வயரிங் இது! ஊரே என்னைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுது. நீ எனக்குப் பாடம் எடுக்கறியா?"

மகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையும் கையுமாக வாசலில் நின்றாள். கம்பெனிப் பெண்கள் நாலு பேர் தங்கியிருக்கும் அறைக்கு ஐந்தாவது ஆளாகப் போகிறாளாம்.

"அங்க மட்டும் மணிக்கணக்கா வெந்நீர் ஊத்துவாங்களோ?"

"அங்க வெந்நீரே கிடையாதுப்பா. ஆனா, கதவைத் தட்டவும் யாரும் கிடையாது."

அவள் பையின் வார் அறுந்து தொங்குவதைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து இறுக்கிச் சுற்றினார். கடைசியில் டேப்பின் முனையைக் கொஞ்சம் உள்பக்கமாக மடித்து ஒட்டினார். பிரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டியிருக்காது. அது அவர் கைப்பழக்கம், வேறு எந்த எலெக்ட்ரீஷியனும் அதற்கு மெனக்கெடுவதில்லை. "போகாதேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பழக்கம்தான் அவருக்கு இல்லை.

இரண்டு மாதம் போனது. அடுத்த பில் வந்தது. மனைவி அதை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பழைய தொகையேதான், துளி குறையவில்லை.

"அவ போயாச்சு. நாம ரெண்டு பேரும் பச்சைத் தண்ணியிலதான் குளிக்கிறோம். இப்ப யாரைத் துரத்தப் போறீங்க?"

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு நேராக மீட்டரிடம் போனார். வீட்டு மெயின் ஸ்விட்ச்சை இறக்கினார். மின்விசிறி நின்றது, ஃப்ரிட்ஜ் அடங்கியது. கரண்ட் ஓடினால் மட்டுமே சிமிட்டும் மீட்டரின் சிவப்பு விளக்கு மட்டும் விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மாடியில் யாரோ ராகம் போட்டுப் பாடியபடி குளித்துக்கொண்டிருந்தார்கள். கட்டிய நாளிலிருந்து பூட்டியே கிடந்த மாடி வீடு. ஒன்பது மாதத்துக்கு முன்புதான் ஆள் வந்தது. பாட்டு நின்றது, தண்ணீர்ச் சத்தமும் நின்றது. உடனே சிவப்பு விளக்கும் நின்றுபோனது.

"அடப்பாவி! நம்ம மீட்டர்லேர்ந்து மாடி ஹீட்டருக்குக் கரண்ட் இழுத்திருக்கான் எவனோ! ஸ்டூலை எடு. எந்தத் திருட்டுக் கைன்னு பாக்கறேன்."

மனைவி ஸ்டூலைப் போட்ட கையோடு மகளுக்குப் போன் போட்டாள். அழுகையும் சிரிப்புமாக வார்த்தைகள் குழறின.

"நீ இல்லடி... நீ இல்லவே இல்ல. யாரோ திருடியிருக்காங்க. அநியாயமா உன்னைப் படுத்திட்டோம். வந்துடு கண்ணு."

மறுமுனையில் இருமல்தான் முதலில் வந்தது. இரண்டு மாதமாக விடாத இருமல். இருமி முடித்துவிட்டு, "யாரும்மா?" என்றாள் மகள்.

"இரு, அப்பா கண்டுபிடிச்சுக்கிட்டே இருக்காரு. அவரே சொல்லட்டும்" என்று போனை ஸ்டூலின் மேல் நின்றவரிடம் நீட்டினாள்.

ஒரு கையில் போனை வாங்கிக்கொண்டு, மறு கையால் மீட்டருக்கு மேலிருந்த பெட்டியின் மூடியைத் திறந்தார். ஒட்டடைக்குப் பின்னால், மாடிக்குப் போகும் வயர் தெரிந்தது. மாடி கட்டிய சமயம், அதற்குத் தனி மீட்டர் வருவதற்கு முன்னால், 'ரெண்டு நாளைக்குத்தானே' என்று கொடுத்து, பிறகு எடுக்க மறந்துபோன இணைப்பு. அதன் மேல் வருஷக்கணக்கான தூசி படிந்த கறுப்பு டேப்.

"யாருப்பா அந்தத் திருடன்?"

டேப்பின் முனை, கொஞ்சமாக உள்பக்கம் மடித்து ஒட்டப்பட்டிருந்தது.

"நான்தாம்மா" என்றார்.