ஏரியில் குதித்தவள்

"முடிவை மட்டும் மாத்திக் குடுங்கம்மா. நாளைக்கே அச்சுக்கு அனுப்பிடலாம்," என்றார் பதிப்பாளர்.

எதிரே இருந்த அறுபது வயது எழுத்தாளர் கைப்பிரதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வேறொருவர் எழுதி நாற்பது வருடமாக விற்கும் காதல் நாவலை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதச் சொன்னவரே பதிப்பாளர்தான். கதைக்குள் கைப்பேசி வந்ததும் கார் வந்ததும் அவருக்குப் பிடித்திருந்தது. கடைசி அத்தியாயம்தான் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது.

"பழைய கதையில வீட்டுல வேற மாப்பிள்ளை பார்த்ததும் நாயகி ஏரியில குதிச்சுச் செத்துப்போறா. படிச்சவங்க எல்லாம் அழுதாங்க. நீங்க என்னடான்னா அவளை நீந்தி அக்கரை ஏற விட்டிருக்கீங்க!"

"ஏறினா என்ன சார்?"

"செத்தாத்தானே அது காதல்! மாத்தலைன்னா புத்தகம் வராது."

"வராட்டி போகட்டும். ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்."

"இது தன் சொந்தக் கதைன்னு எழுதின பெரியவரே முன்னுரையில சொல்லியிருக்கார். கரையில நின்னு கண்ணால பார்த்தவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?"

எழுத்தாளர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சேர்ந்தே குதிப்போம்னு கூட்டிட்டுப் போனவர் கரையிலேயே நின்னுட்டார் சார். அக்கரையில ஏறித் தலை துவட்டினவ நான்."