பாதுகாப்பாக ஸ்டியரிங் கழற்றும் முறை

ரிப்கானின் பழைய வேன், களப்பு ஓரத்துப் பொலிஸ் நிலையத்தின் பின்வளவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. குற்றம், இறக்குமதித் தடையை மீறிக் கடல் வழியாகக் கள்ளத்தனமாக வந்த சமையல் மஞ்சள் மூட்டைகள். மூட்டைகளைப் பொலிஸார் இறக்கிவிட்டார்கள். ரிப்கான் பிணையில் வந்துவிட்டான். ஸ்டியரிங்கின் நடுவே ஒளித்த தங்கப் பிஸ்கட்டுகளைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை.

எயார்பேக் பெட்டியைக் காலியாக்கி, அதற்குள் தங்கத்தை அடுக்கி, மூடியைப் பசை போட்டு ஒட்டியவன் ரிப்கான். தங்கம் அவனுடையதல்ல. மீராசாஹிப் முதலாளியுடையது. முதலாளி யாரையும் ஏசமாட்டார். சுகம் விசாரிப்பார். பிறகு ஆள் அனுப்புவார். "வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முந்தி சாமான் வரட்டும் மகன்" என்று நேற்று மிக அன்பாகச் சொல்லியிருந்தார். அவர் இதற்கு முன் அன்பாகக் கதைத்த ஆள் இப்போதும் ஊன்றுகோலில்தான் நடக்கிறான்.

ஆகவே வியாழக்கிழமை உச்சி வெயிலில், நீல ஓவரோலும் கையில் ஒரு சாதாரண ஸ்டியரிங்குமாக ரிப்கான் பொலிஸில் போய் நின்றான்.

சார்ஜன்ட் பவுலினா சிலாபத்துப் பக்கத்து ஆள். சிங்களத்தில் ஏசிவிட்டுத் தமிழில் ஆறுதல் சொல்பவர்.

"மெடம், இந்த வெயிலுக்கு எண்ட வேன் வெடிச்சிரும்."

"அதுக்குள்ள டீசலே இல்லையே தம்பி. என்னத்த வெடிக்க?"

"ஸ்டியரிங் மெடம். நடுவுல எயார்பேக் ஈக்கிதானே. பழசாகப் பழசாக அதுக்குக் கோவம் கூடும். எப்ப வெடிக்கும், யார்ட மூஞ்சில வெடிக்கும் எண்டு சொல்லேலா."

"எங்கட பெரிய ஐயாவுக்கும் அதே நோய்தான்" என்றார் பவுலினா.

"வெளாட்டில்ல மெடம். வேனைத் தள்ளப் போய் ஒரு கொன்ஸ்டபிளுக்கு ஏதும் ஆச்செண்டா? நான் அதைக் கழட்டிட்டு, இந்தச் சும்மா ஸ்டியரிங்கைப் பூட்டித் தாரன். சல்லி வேணாம்."

பவுலினா அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக் கொடுத்தார். "கழட்டினதை நீங்களே கொண்டு போயிரணும். இங்க வைக்கேலாது."

ரிப்கானுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியும். தொழிலே அதுதான்.

அவன் முதலில் பற்றரி வயரைக் கழற்றினான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றான்.

"என்ன தம்பி, வேலை முடிஞ்சுதா?" என்றான் சுவரோரம் நின்ற கொன்ஸ்டபிள்.

"கரண்ட் உள்ளுக்க தங்கி நிக்கும் சேர். அது இறங்கும் வரைக்கும் பொறுக்கணும். அவசரப்பட்டவன்ட மூக்கு பிறகு அவனுக்கில்ல."

கொன்ஸ்டபிள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனான். அவன் பின்னால் மற்றவர்களும் போனார்கள். பவுலினா எல்லோரையும் விடத் தூரமாக, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் நின்று தலையை மட்டும் நீட்டினார். வளவில் மேய்ந்த கழுதை ஒன்றுதான் பயப்படவில்லை. அதற்கு யாரும் விளங்கப்படுத்தவில்லை.

பொலிஸ் நிலையம் முழுவதும் ஒதுங்கி நிற்க, ரிப்கான் ஆறுதலாகப் பெட்டியைக் கழற்றினான். மஞ்சள் வயரைப் பார்க்காமலே பிடுங்கினான். பெட்டி பாரமாக இருந்தது. அவன் மனம் லேசாகியது. பழைய ஸ்டியரிங்கை இழுத்தெடுத்துப் புதியதைப் பூட்டினான்.

"கேட்டைத் திறங்க! மூடி மேல பாத்தபடிதான் தூக்கணும். ஒருத்தரும் கிட்ட வரப்படாது!"

கொன்ஸ்டபிள் ஓடிவந்து கேட்டைத் திறந்துவிட்டு, அதே வேகத்தில் திரும்பி ஓடினான். தாங்கிக்குப் பின்னாலிருந்து பவுலினா கத்தினார்: "கவனம் தம்பி, கீழ போட்டுராதீங்க!"

பிறந்த பிள்ளையைத் தூக்கிச் செல்வதுபோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சட்டத்தின் முன்வாசலால் ரிப்கான் வெளியேறினான். முடக்கில் திரும்பியதும் பெட்டியை, தான் நிறுத்தி வைத்திருந்த முச்சக்கர வண்டியின் பின்சீற்றில் எறிந்துவிட்டுச் சிரித்தான். கல்பிட்டி ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி துள்ளியது. அவனும் சேர்ந்து துள்ளினான்.

மச்சான் கருவாடு காயப்போடும் வாடிக் கொட்டிலில் ஆள் இல்லை. பெட்டியை மேசையில் வைத்து மூடியை நெம்பினான். அசையவில்லை. உளியை வைத்து அடித்தான். உளி வளைந்தது. தன் பசையைத் தானே மெச்சிக்கொண்டு கிரைண்டரைப் போட்டான்.

அடுத்த நொடி, வாடியில் காய்ந்துகொண்டிருந்த கீரி மீனெல்லாம் சிறிது நேரம் பறவைகளாக இருந்தன.

ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்தபோது மூக்கில் பஞ்சு, கையில் மாவுக்கட்டு. வார்டு வாசலில் மீராசாஹிப் முதலாளியின் ஆட்கள் மிகப் பணிவாகக் காத்து நின்றார்கள். தங்கம் வெடிக்காது என்பது ரிப்கானுக்குத் தெரியும். தலை சுற்றியதால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

கட்டிலருகே கதிரையில் சார்ஜன்ட் பவுலினா, மடியில் ஒரு பை திராட்சையுடன் இருந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தார்.

"நீங்க சொன்னது அவ்வளவும் உண்மை தம்பி. உங்கட பிஸ்கட்டை எடுத்திட்டு, பக்கத்து வேன்ட எயார்பேக்கை அதில மாட்டேக்க எனக்குக் கை நடுங்கின நடுக்கம்!"