தண்ணீர் வாங்கிய கைதி

தொலைக்காட்சியில் பழைய போர்க்காலப் படச்சுருள் கறுப்பு வெள்ளையில் ஓடியது. பாலைவனத்தில் ஜெர்மன் டாங்கிகள் போக, பிடிபட்ட பிரித்தானியப் படையினர் பின்னால் நடந்தார்கள்.

“நடிப்பு நடிப்பெண்டு எத்தினை நாளைக்கு, மருமகன்? திங்கள் என்னோடை டோர்வலுக்கு வாரும். ஏர்போர்ட்டிலை பெட்டி ஏத்துற வேலை. கதைச்சுப்போட்டன்,” என்றார் பத்திநாதர்.

மருமகன் றெக்ஸ் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான்.

தாடி மண்டிய கைதி ஒருவனுக்கு ஜெர்மன் சிப்பாய் தண்ணீர் நீட்டினான். கைதி சிலுவை அடையாளமிட்டு, பெருவிரலை முத்தமிட்டுவிட்டுக் குடித்தான்.

“பாத்தீரோ! எங்கடை ஊர்க் கத்தோலிக்கர் மாதிரி விரலைக் கொஞ்சிறான். எங்கடை ஆள்தான்! வெள்ளைக்காரன்ரை படையிலை எங்கடை ஆக்களும் போனவை. கண்ணிலை தாகத்தைப் பாரும். உம்மடை நடிப்பிலை உது வருமோ?”

“தெரியேல்லை, மாமா.”

மகள் ஜொய்சி கணவனையும் அப்பாவையும் சாப்பிடக் கூப்பிட்டாள். றெக்ஸ் மேசையில் அமர்ந்து, சிலுவை அடையாளமிட்டு, பெருவிரலை முத்தமிட்டான்.

பத்திநாதரின் கை சோற்றிலேயே நின்றது. மருமகனின் மழித்த முகத்தை உற்றுப் பார்த்தார். ஜொய்சி படத்தைப் பின்னுக்கு ஓட்டி, கைதியின் முகத்தில் நிறுத்தினாள்.

“பழைய படம் போதாதெண்டு, இந்தத் துண்டைப் போன கோடையிலை இஞ்சை லவாலிலை ஒரு மணல் பள்ளத்திலை எடுத்துச் சேத்தவை, அப்பா. ஒட்டுத்தாடியோடை நடிச்சது இவர்தான். கொஞ்சினது மட்டும் இவரின்ரை பழக்கத்திலை வந்தது.”

பத்திநாதர் இடது கையால் கைபேசியை எடுத்து, வேலைக்குச் சொல்லிவைத்த இடத்துக்கு அழைத்தார்.

“நான் பத்திநாதர். மருமகன் திங்கள் வரமாட்டார். அவருக்குத் தொழில் இருக்கு.”